எட்டு வால்வும் ஒரு வரியும்

“கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, அப்புறமா தள்ளச் சொல்லுங்களேன்” என்றாள் ஆவுடையம்மாள்.

“என்னது?” என்றார் நல்லசிவம்.

அவள் காரைச் சுற்றிப் புருஷனுடைய இடது காதுப் பக்கம் வந்து நின்றாள். வலது காதை அவர் வேலை பார்க்கிற லாஞ்சுப் படகின் எஞ்சின் எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டது. “ஹேண்டில் போட்டு ஒரு சுத்துன்னேன். மூணு மாசமா அசையாம கிடந்த வண்டி.”

“முப்பது குதிரை டீசலைப் பொழுது விடிஞ்சா கிளப்புறவன் நான். நீ உள்ள போ. அடுப்புல பிரதமன் பாயசம் அடிப்பிடிக்கும்.”

சுமை தூக்குகிறவர்களின் மூப்பன் நாணு சிரித்தார். “விடுங்க சேச்சி. ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கஞ்சி குடிச்ச மனுஷன். ஓணத்தன்னைக்கு ராஜா மாதிரி ஒரு ரவுண்டு போகட்டும். தள்ளட்டுமா சேட்டா?”

“தள்ளு.”

நாணுவும் இன்னும் மூன்று பேரும் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். அந்தச் சின்னச் சிவப்பு வண்டி சந்தின் பாதி தூரம் உருண்டது. நல்லசிவம் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் பிடித்தது. இரண்டு மூச்சு நேரம் ஓடியிருக்கும். அப்புறம் உள்ளே இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம் நாலைந்து தடவை கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

“இதுல என்ன ஊத்தினே?”

“தேங்காயெண்ணெய்.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. பிளக்கைக் கழட்டிட்டு ஓட்டைக்கு ஒரு கரண்டி. அந்த மேல்மூடிக்குள்ளயும் கொஞ்சம். நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ மழை அப்படி அடிச்சுது. துரு பிடிச்சா எஞ்சின் செத்ததுக்குச் சமம்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“உன்னை யாரு தொடச் சொன்னா?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு புள்ளையைப் பெத்து வளத்திருந்தா, எதைத் தொடணும் எதைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும்.”

தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது காது மந்தமானவர்களுக்குத் தெரியாது. அவளிடம் மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். சந்து முழுக்கக் கேட்டது. நாணு தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

“பிரதமனை எறக்கி வச்சிருக்கேன்” என்றாள் ஆவுடையம்மாள். “தள்ளினவங்களுக்கு ஊத்திக் குடுங்க.” உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் படகில் அவள் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ் ஏறித் திருப்பூணித்துறையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. 1958ஆம் வருஷத்து ஓணம் அது.

இந்தப் பேச்சை எல்லாம் அடுத்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஸ்வர்ணலதா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாத்தியார் பயிற்சி முடித்து, மட்டாஞ்சேரியிலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏழாவது வரை நாகர்கோவிலில் தமிழில் படித்தவள். அப்பாவுக்கு மிளகுக் கிடங்கில் கணக்கு வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு மலையாளத்தில் படித்தவள். இரண்டு பாஷை தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று அம்மா குறைப்படுவாள். பேசாதவர்களுக்கு மற்றவர்கள் பேச்சு நன்றாக நினைவிருக்கும். அன்றைக்கு யாருக்குப் பின் யார் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருந்தது.

நல்லசிவத்தின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கயிறு கம்பெனி வேலைக்கு மட்டாஞ்சேரி வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, நாலாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, பன்னிரண்டு வயதில் லாஞ்சு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தமிழில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. கடைப் பலகையில் மலையாளத்தில் எழுதியிருந்தால் படிப்பார். தமிழில் எழுதியிருந்தால் படம் பார்க்கிற மாதிரி பார்ப்பார். ஆவுடையம்மாள் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் அவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் இரண்டு நாளுக்கு மேல் பிரிந்திருந்தது கிடையாது. அதனால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத முடியாது என்பது இருவருக்குமே தோன்றியதில்லை.

அந்த வண்டி, மிளகுத் தரகு செய்துவந்த ஒரு வெள்ளைக்காரருடையது. தன் லாஞ்சை ஒரு நாளும் நிற்காமல் ஓட வைத்த நல்லசிவத்துக்கு, 1956இல் ஊர் திரும்பும்போது அதை விட்டுவிட்டுப் போனார். இரண்டே இருக்கை. மேல்கூரை துணி. பின்னால் ஒரு பெட்டி வைக்கத்தான் இடமிருக்கும். “புள்ளைகுட்டி இல்லாதவங்களுக்குன்னே செஞ்ச வண்டி” என்று சந்தில் யாரோ சொல்லப்போக, அது நிலைத்துவிட்டது. ஆவுடையம்மாளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். “எங்களுக்கு அளவெடுத்துத் தச்ச வண்டி” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் போர்ட் கொச்சி கடற்கரைக்குப் போவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. அவர் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடுவார். அவள் வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். “மூணாவது தட்டுது” என்பாள். அவர் மூன்றாவது சிலிண்டர் வால்வின் இடைவெளியை ஸ்குரூ டிரைவரால் ஒரு துளி திருகுவார். “இப்ப?” “இன்னும் கொஞ்சம்.” “இப்ப?” “போதும்.” எஞ்சின் என்றால் என்னவென்று தெரியாமல் வந்தவள், இரண்டு வருஷத்தில் அவருக்குக் காதாகிவிட்டாள்.

அவள் போனபின் இரண்டு மாதம் வண்டியின் மேல் தார்ப்பாய் கிடந்தது. அவர் லாஞ்சுக்குப் போனார், வந்தார். கஞ்சியும் கப்பைக் கிழங்கும் தானே வேக வைத்துக்கொண்டார். மூன்று தடவை திருப்பூணித்துறை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பினார். இது நாணு சொல்லித்தான் சந்துக்குத் தெரியும். “வெறுங்கையோட எப்படிப் போறது நாணு?” என்றாராம். “கையில பழம் வாங்கிட்டுப் போங்க” என்றாராம் நாணு. “பழம் இல்லடா. அந்த வண்டியில போகணும். அதுலதான் போகணும்.”

தீபாவளி கழிந்த மறுநாள் தார்ப்பாயை எடுத்தார். நாணுவின் ஆட்கள் மூங்கில் கட்டி எஞ்சினைத் தூக்கி வீட்டு முன்னறையில் இறக்கினார்கள். தாம்பாளம், தூக்குவாளி, முறம், ஆட்டுக்கல் மூடி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் நட்டும் போல்ட்டும் நிறைந்தன. எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாக்பீஸால் மலையாளத்தில் எழுதிவைத்தார்.

எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைத் தூக்கிய அன்றைக்கு அவர் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸ்வர்ணலதா வாசலைக் கடக்கும்போது, “டீச்சரே, இங்க வா” என்று கூப்பிட்டார். அவள் படியோரம் வந்து நின்றாள்.

“இதைப் பாரு.”

எட்டு வால்வுகளில் இரண்டு வளைந்திருந்தன. தண்டுகளில் பழுப்பாக ஒரு பசை, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. வண்டி நின்ற கொட்டகைக்குப் பக்கத்துச் சுவர் மிளகுக் கிடங்கு. மூன்று மாத எண்ணெயில் மிளகுத் தூசி விழுந்து விழுந்து பசையாகியிருந்தது. திறந்த வால்வு மூட முடியாமல் அப்படியே சிக்கிக்கொண்டது. மேலே வந்த பிஸ்டன் அதை இடித்தது. மூன்றாவது பிஸ்டனின் தலையில் பிறை மாதிரி ஒரு வடு இருந்தது.

“இது அத்தை ஊத்தின எண்ணெயால வந்ததா மாமா?” என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

“பசை எண்ணெயால வந்தது. வால்வு வளைஞ்சது என்னால. கையால ஒரு சுத்து சுத்தியிருந்தா, கனமாத் திரும்புதேன்னு மணிக்கட்டு சொல்லியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருப்பேன். இருபத்தஞ்சு வருஷமா லாஞ்சுல தினமும் செய்யறதுதான். அன்னைக்கு நாலு பேர் பாக்கிறாங்கன்னு...” அவர் ஒரு துணியால் சிலிண்டருக்குள் துடைத்தார். “குனிஞ்சு பாரு. என்ன தெரியுது?”

அவள் குனிந்தாள். “என் முகம் தெரியுது.”

“தெரியுதில்ல? வைகாசியில பிடிச்ச மழை மூணு மாசம். பக்கத்துல உப்புக் காத்து. ஒரு பொட்டு துரு இல்லை. இந்த சிலிண்டர் உள்சுவரைத்தான் போர்னு சொல்றது. அவ ஊத்தலைன்னா நாலு போரும் போயிருக்கும். வால்வு போனா வேற வால்வு போடலாம். போர் போனா இந்த வண்டிக்கு இந்த ஊர்ல ஒண்ணும் பண்ண முடியாது.”

அதைச் சொல்லும்போது அவர் எஞ்சினைப் பார்த்துத்தான் சொன்னார்.

புது வால்வு சீமையிலிருந்துதான் வரவேண்டும். அந்த வருஷங்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் எளிதில் வராது. கழித்துப்போட்ட லாஞ்சு எஞ்சின் ஒன்றிலிருந்து இரண்டு வால்வு எடுத்து, படகுப் பட்டறை லேத்தில் சாப்பாட்டு நேரத்தில் கடைந்து சின்னதாக்கினார். முதல் இரண்டும் மயிரிழை அதிகமாகக் கடைந்துபோய் வீணாயின. அடுத்த இரண்டு சரியாக அமைந்தன. அதற்கே மார்கழி ஆகிவிட்டது. பிறகு எட்டையும் அதனதன் இருக்கையில் உட்காரவைத்து உரச வேண்டும். நுனியில் ரப்பர் வைத்த ஒரு மரக்குச்சியை வால்வில் ஒட்டவைத்து, அடியில் இரும்பைத் தேய்க்கிற எமரிப் பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்து கடைகிற மாதிரி உருட்டினார். சர் சர் என்ற சத்தம் தினமும் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவருக்கு அது கேட்காது. கையில் தெரிகிற அதிர்வில் அந்தச் சத்தத்தை உணர்வதற்காகக் கண்ணை மூடிக்கொள்வார்.

தை பிறந்த வாரம் அவர் ஸ்வர்ணலதாவைத் தேடி வந்தார். அவள் அப்பாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, “ஒரு கடுதாசி எழுதணும், ஸ்வர்ணம். தமிழ்ல” என்றார்.

அவள் காகிதம் எடுத்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நாலு போரும் கண்ணாடி போல இருக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. இரண்டு வால்வு மாற்றியாகிறது. பிஸ்டன் வடுவை அரத்தால் தேய்த்தாயிற்று. செப்புத் தகடு கேஸ்கெட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி எடுத்துக்கொண்டாயிற்று. சித்திரை விஷுவுக்குள் வண்டி ஓடும்.

“அவ்வளவுதானா மாமா?”

“அவ்வளவுதான். போர் கண்ணாடி போல இருக்குன்னு முதல்ல எழுதினேல்ல?”

“எழுதினேன்.”

“அப்ப போதும்.”

அவர் போன பிறகு ஸ்வர்ணலதா கடிதத்தைத் திரும்பப் படித்தாள். ஒரு பெண்ணுக்கு அவள் புருஷன் எழுதுகிற கடிதம் மாதிரி இல்லை. பட்டறைக்கு எழுதுகிற கடிதம் மாதிரி இருந்தது. ஓணத்தன்று அத்தை உள்ளே போன முதுகு அவள் கண்ணில் நின்றது. மறந்துவிட்டாரோ, சொல்லக் கூச்சமோ என்று நினைத்தாள். அடியில் கொஞ்சம் இடமிருந்தது. ‘அன்றைக்கு நான் பேசியது தப்பு. மனதில் வைத்துக்கொள்ளாதே’ என்று எழுதி, உறையை ஒட்டி, அவளே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். வாழ்க்கையில் கேட்காமல் அவள் செய்த காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

பதில் கடிதம் வரவில்லை. ஆவுடையம்மாளின் அக்கா புருஷன் பாத்திரக்கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க மட்டாஞ்சேரி பஜாருக்கு வந்தவர், நல்லசிவத்தைப் படகுத்துறையில் பார்த்து ஒரு வாய்வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதை நல்லசிவம் மலர்ந்த முகத்தோடு ஸ்வர்ணலதாவிடம் வந்து சொன்னார்.

“உன் எழுத்து முத்து முத்தா இருக்காம். அவ சொன்னாளாம்.”

“வேற என்ன சொன்னாங்க?”

“வேற ஒண்ணுமில்லை. அதைத்தான் ரெண்டு தடவை சொல்லச் சொன்னாளாம்.”

தான் சேர்த்த வரியை அத்தை கண்டுபிடித்துவிட்டாள் என்று ஸ்வர்ணலதாவுக்கு முகம் சுட்டது. நோட்டுப் புத்தகக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அவர் உரசிக்கொண்டிருப்பார். கண் மூடியிருக்கும்.

எட்டு வால்வும் உட்கார்ந்தன. ஹெட்டைக் கவிழ்த்துவைத்து மண்ணெண்ணெய் ஊற்றி, காலையில் வந்து அடியில் தடவிப் பார்ப்பார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த வால்வை மறுபடி எடுப்பார். மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஏழு தடவை வெளியே வந்தது. “இது பொண்ணைக் குடுத்த வீடு மாதிரி. எவ்வளவு செஞ்சாலும் ஒரு குறை சொல்லும்” என்றார் நாணு. நல்லசிவம் சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் சந்து பார்த்தது.

பங்குனிக் கடைசியில் எஞ்சின் வண்டிக்குள் ஏறியது. இந்தத் தடவை பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஹேண்டில் போட்டுக் கையால் நூறு சுற்று சுற்றினார். நாணுவே எண்ணினார். பிறகுதான் கிளப்பினார். பிடித்தது, ஓடியது. அவர் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்து நின்றார். காது கேட்காததைப் பல் கேட்குமாம். ஆனால் எங்கேயோ தட்டுகிறது என்றுதான் பல் சொல்லும். எந்த சிலிண்டர் என்று சொல்லாது.

“ஸ்வர்ணம், எது தட்டுது?” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. “தெரியலையே மாமா.”

“உனக்குத் தெரியாது” என்றார். குறையாகச் சொல்லவில்லை. “அவளுக்குத்தான் தெரியும்.”

விஷு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பினார். சலவைச் சட்டை. பக்கத்து இருக்கையில் ஆவுடையம்மாளின் பழைய சுங்குடிப் புடவையை நாலாக மடித்து விரித்திருந்தார், வெயிலில் இருக்கைத் தோல் சுடும் என்று. தோப்பும்படிப் பாலம் ஏறித் தீவைக் கடந்து வெண்டுருத்திப் பாலம் வழியாக எர்ணாகுளம் போய், அங்கிருந்து திருப்பூணித்துறை போக வேண்டும். சிவப்பு வண்டி சந்து திரும்புகிற வரைக்கும் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேராக வருவார்கள் என்று ஸ்வர்ணலதாவின் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்தது. புடவை மடிப்புக் கலையாமல் இருக்கையில் இருந்தது.

அவர் நேரே ஸ்வர்ணலதா வீட்டுப் படிக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“வாசல்ல நிறுத்தினேன்” என்றார். “இறங்கலை. எஞ்சினை நிறுத்தலை. சத்தம் கேட்டு அவ வந்தா. பானெட்டுப் பக்கம் நின்னு தலையைச் சாய்ச்சா. கொஞ்சம் இளைச்சிருக்கா.” சாயாவைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. “மூணாவது இன்னும் தட்டுதுன்னா. சரின்னேன். அப்புறம் கேட்டா, கடுதாசியில கடைசி வரி நீங்க சொன்னதான்னு. எந்த வரின்னு கேட்டேன். அப்ப சரின்னுட்டு உள்ள போயிட்டா.”

ஸ்வர்ணலதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன வரி அது?”

அவள் சொன்னாள். அவருடைய இடது காதுப் பக்கம் வந்து நின்று, மறுபடி ஒரு தடவை சொன்னாள்.

அவர் சாயாவைக் கீழே வைத்தார். சந்தில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். 

“நீங்க சொல்ல மறந்துட்டீங்கன்னு நினைச்சேன், மாமா.”

“மறக்கலை. வாயில வரலை. போர் கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதினா அவளுக்குப் புரியும்னு நினைச்சேன். எண்ணெயைப் பத்தி நான் சொன்னது அவளுக்குப் புரிஞ்சிருக்கும். அந்த இன்னொரு பேச்சுக்கு எஞ்சின்ல பதில் இல்லை.”

“நான் எழுதியிருக்கக் கூடாது.”

“நீ எழுதினது சரிதான். எழுதின கைதான் வேற.” கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எமரிப் பசை ரேகைகளில் ஏறிக் கறுத்திருந்தது. “உன் எழுத்து அவளுக்குத் தெரியும். என் எழுத்தை அவ பாத்ததே இல்லை.”

 பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, பாத்திரங்களில் எழுதுகிற சாக்பீஸ் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“‘அன்றைக்கு’, ‘மனதில்’, அதெல்லாம் ஏட்டுப் பேச்சு, வேண்டாம். நான் பேசுற மாதிரி வேணும். ‘நான் பேசினது தப்பு.’ எத்தனை எழுத்து வரும்?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “ஒன்பது.”

“எட்டு வால்வை உரசியாச்சு. ஒன்பது எழுத்துதானே.” படியை உள்ளங்கையால் துடைத்து இடம் பண்ணினார். “இங்க பெரிசா எழுதிக் காட்டு, ஸ்வர்ணம். எந்த எழுத்தை எங்க ஆரம்பிச்சு எப்படிச் சுத்தணும்னு மெதுவாக் காட்டு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் எழுதணும்.”